ஐம்பது மில்லி

எர்ணாவூர்க் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும் நாட்களில், செல்லம்மா தன் குடத்தை வரிசையில் வைத்த உடனே பின்னாலிருந்து ஒரு குரல் எழும்.

“ஏய், அவுங்கவுங்க குடத்த பாத்துக்கோங்கடி. அம்பது மில்லி வந்துகீது.”

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பும். செல்லம்மா தலையைத் திருப்புவதில்லை. சிரித்தவர்கள் யார் யார் என்பதைக் குரலை வைத்தே அறிவாள், மறப்பதுமில்லை. ஆனால் அவளுடைய பகை அந்தப் பெண்களோடு அன்று. அந்தப் பெயரை அவள்மேல் ஒட்டியவன் கொருக்குப்பேட்டையில் இருந்தான்.

அங்கே சரக்கு ரயில் பாதையை ஒட்டி அருள்பிரகாசத்தின் நன்னாரி சர்பத் கம்பெனி இருந்தது. அதில் பதினான்கு ஆண்டுகள் செல்லம்மா லேபிள் ஒட்டினாள். அவள் ஒட்டியது ஒருபோதும் கோணியதில்லை. பாட்டிலின் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே மேல்விளிம்பு நிற்க வேண்டும். பசை பிதுங்கக் கூடாது. விலையையும் மாதத்தையும் குத்தும் ரப்பர் முத்திரை மங்கக் கூடாது. பக்கத்து மேசையிலிருந்து மங்கிய முத்திரையோடு ஒரு பாட்டில் போனால், அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மீண்டும் அதே மேசையில் வைப்பாள்.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்ணாடி பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. உயரம் அதே. அகலமும் கண்ணுக்கு அதே. அடிப்பாகம் மட்டும் உள்ளங்கைக் குழிபோல் உள்வாங்கியிருந்தது. எழுநூறு மில்லி பிடித்த இடத்தில் அறுநூற்றைம்பதுதான் பிடித்தது. விலை முப்பத்தெட்டு ரூபாய், அது மாறவில்லை. ‘700 மில்லி’ என்று அச்சிட்ட லேபிளும் மாறவில்லை. சிவகாசியிலிருந்து வந்த பழைய கட்டுகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

“மொதலாளி, எழுநூறுன்னு போட்டுகீது. இந்த பாட்டிலு அவ்ளோ புடிக்காது” என்றாள் செல்லம்மா.

“உன்ன ஒட்டத்தான வச்சிகீறேன்? அளக்கவா வச்சிகீறேன்?” என்றான் அருள்பிரகாசம்.

ஒட்டினாள். அது அவளுடைய பிழை. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

மார்ச் மாதத்தில் எடையளவு ஆய்வாளர் வந்து நான்கு பாட்டில்களை அளந்தார். அருள்பிரகாசம் செல்லம்மாவைத் தனியே அழைத்தான்.

“ஒரு லெட்டர் எழுதிக் குடு. புது லேபிள் ஒட்டச் சொன்னாங்க, நான்தான் கவனமில்லாம பழச ஒட்டிட்டேன்னு. வேலக்காரங்க தப்புன்னா எச்சரிச்சிட்டு வுட்டுருவாரு. இல்லன்னா கம்பெனிய மூடணும், பத்து பேரு பொழப்பு பூடும். நீ கையெழுத்தப் போடு, மீதிய நான் பாத்துக்குறேன்.”

செல்லம்மா மற்ற ஒன்பது பெண்களையும் பார்த்தாள். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவளே அழைத்துவந்து வேலையில் சேர்த்த ஜெரினாவும் தரையைத்தான் பார்த்தாள். செல்லம்மா அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டாள். ஆய்வாளர் படித்தார், எச்சரித்தார், போனார்.

மறுநாள் காலையில் அருள்பிரகாசம் அவளை வாசலிலேயே நிறுத்தினான்.

“கவனமில்லாதவங்கள வச்சிகினு நான் கம்பெனி நடத்த முடியாதும்மா.”

அவளுடைய கடிதத்தை நகலெடுத்துக் கதவில் ஒட்டினான். கேள்வி கேட்ட கடைகளுக்கெல்லாம் ஒவ்வொரு நகல் அனுப்பினான். அவற்றில் ஒரு கடை எர்ணாவூரில் இருந்தது. ஒரே வாரத்தில் செல்லம்மாவுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது.

அவள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. மாதம் மாறட்டும் என்று காத்திருந்தாள். ஏப்ரல் முத்திரையோடு சரக்கு கடைக்கு வந்ததும் இரண்டு பாட்டில் வாங்கி ரசீது கேட்டாள். அதே குழி, அதே எழுநூறு. அந்தக் கடிதம் தன்னை ஆயுளுக்கும் காக்கும் என்று அருள்பிரகாசம் நம்பிவிட்டான்.

பாட்டில்களோடு ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனாள். அவருக்கு அவளை நினைவிருந்தது.

“கடையில வாங்கினதுன்னா, கடைக்காரர்மேல பழியப் போடுவாரும்மா. சரக்கு அவர் கைவசம் இருக்கும்போது பிடிக்கணும்.”

“கைவசம் வச்சிகினு ஊரே பாக்க நிப்பாரு சார். அந்த எடம் எனக்குத் தெரியும்.”

ஆண்டுதோறும் அக்கினி நட்சத்திரத்தின் முதல்நாள், திருவொற்றியூர்த் தேரடியில் அருள்பிரகாசம் பந்தல் போட்டு இலவசமாக சர்பத் கொடுப்பான். கம்பெனி பாட்டில்களைக் கோபுரமாக அடுக்கி, தன் படம் போட்ட நோட்டீஸைக் கையில் கொடுத்த பிறகே டம்ளரைக் கொடுப்பான்.

முந்தின நாள் செல்லம்மா மாதவரத்துக்குப் போய், பால்காரி தாயம்மாவிடம் அரை லிட்டர் அளவையும் இருநூறு மில்லி அளவையும் கேட்டாள்.

“அரசாங்க முத்திரை குத்தினது யக்கா” என்றாள் தாயம்மா. “மாட்ட வேணா ஓட்டிகினு போ, ஒண்ணும் சொல்ல மாட்டேன். அளவத் தொலைச்ச, உன் வூட்டு வாசல்லயே வந்து குந்திக்குவேன்.”

பந்தலில் நல்ல கூட்டம். கவுன்சிலர் வந்து திறந்துவைப்பதற்குப் பத்து நிமிடம் இருந்தது. செல்லம்மா நேராகப் போய்க் கோபுரத்தின் உச்சி பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகி, பாகை ஒரு சொட்டு வீணாக்காமல் சர்பத் அண்டாவில் ஊற்றினாள். பிறகு அரை லிட்டர் தண்ணீரை அளந்து வெற்றுப் பாட்டிலில் ஊற்றினாள். இருநூறு மில்லியை அளந்து, எல்லோருக்கும் காட்டிவிட்டு, அதையும் ஊற்றினாள்.

பாட்டில் வாய்வரை நிரம்பி வழிந்தது. மேசையில் ஓடி அருள்பிரகாசத்தின் பட்டுவேட்டியை நனைத்தது.

“இன்னா மாமு, உன் பாட்டிலு வாந்தி எடுக்குது!” என்றான் வரிசையில் நின்ற ஒருவன். கூட்டம் சிரித்தது.

“இவதான்யா லேபிள மாத்தி ஒட்டினவ! இவ எழுதின லெட்டரே எங்கைல கீது!” என்று கத்தினான் அருள்பிரகாசம்.

“நீ என்னத் தொரத்தினது மார்ச்சு. இதுல இன்னா மாசம் குத்திகீது? நீயே படி நைனா, எனக்குக் கண்ணு செரியா தெரியல.”

அவன் படிக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் எட்டிப்பார்த்து, “மே” என்றான். செல்லம்மா அடுத்த பாட்டிலின் மூடியில் கைவைத்தாள்.

அருள்பிரகாசம் அவளைப் பந்தலின் மறைவுக்கு இழுத்துப்போனான்.

“இன்னாதான் வேணும் உனக்கு? நாளைக்கே வேலைக்கு வா.”

“எழுதிக் குடு. பாட்டிலு புடிக்காதுன்னு தெரிஞ்சே ஒட்டச் சொன்னேன், செல்லம்மா சொல்லியும் கேக்கல, பழிய அவமேல போட்டதும் நான்தான்னு எழுது.”

“எழுதினா பூடுவியா?”

“கையெழுத்தப் போடு, மீதிய நான் பாத்துக்குறேன்.”

அவை தன் சொற்களே என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கவுன்சிலரின் கார் தேரடியில் திரும்பும் ஓசை கேட்டது. ஒரு நோட்டீஸைத் திருப்பி, தன் படத்தின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். செல்லம்மா ஒவ்வொரு வரியையும் படித்தாள், தேதி விடுபட்டிருந்தது, அதையும் போடவைத்தாள். பிறகு வெளியே வந்து, வரிசையில் ஐந்தாவது ஆளாக டம்ளரோடு நின்ற ஆய்வாளரிடம் அதைக் கொடுத்தாள்.

“அடிப்பாவி, பூடுறேன்னியே!” என்றான் அருள்பிரகாசம்.

“நான் அப்டிச் சொல்லல. பாத்துக்குறேன்னுதான் சொன்னேன். பாத்துகினுதான நிக்கிறேன்?”

கவுன்சிலரின் கார் நிற்காமல் போயிற்று. கோபுரத்தை ஒவ்வொரு பாட்டிலாகப் பிரித்து, பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை இட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. செல்லம்மா கடைசிப் பெட்டிவரை வெயிலில் நின்று பார்த்தாள்.

அடுத்த வாரம் எர்ணாவூரில் தண்ணீர் லாரி வந்தபோது, “செல்லம்மாக்கா, நீ முன்னால போ” என்றது ஒரு குரல். எந்தக் குரல் என்பது அவளுக்குத் தெரியும். தன் குடம் இருந்த இடத்திலேயே நின்றாள்.

அங்கே ஜெரினா வந்தாள்.

“கம்பெனிய மூடிட்டாங்கக்கா. ஒம்போது பேரும் வூட்ல குந்திகினு கீறோம். எங்க மேல உனக்கு இன்னாக்கா கோவம்?”

“அன்னிக்கு நான் எழுதுறப்போ எல்லாரும் தரையப் பாத்துகினு இருந்தீங்களே, அதுல இன்னாடி இருந்துச்சு?”

ஜெரினா இப்போதும் தரையைத்தான் பார்த்தாள். செல்லம்மா நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து நடந்தாள். ஒரு துளியும் சிந்தவில்லை.