முட்டை வந்த அட்டை

ஏப்ரல் 4, சனி, மாலை. இன்று ஒரு சின்னத் தவறு. சாயம் ஏற்றிய வெந்த முட்டைகளை, பச்சை முட்டை வந்த அதே அட்டையில் காயவைத்தேன். குழியில் உருளாமல் நிற்கும் என்று நினைத்தேன்.

எழுதியவள் ‘சின்ன’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை நேரச் சமையல் வகுப்புக்குப் போகிறவள் அவள். அன்றன்று செய்ததை எழுதிப் பார்த்தால்தான் மனம் ஆறும். விடுமுறைக்கு முட்டையில் படம் வரைய வேண்டும் என்று அக்கா மகள் ஒற்றைக்காலில் நின்றதால் வந்த வேலை இது. கை கழுவினாளா, கழுவினாள். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவிட்டாளா, விட்டாள். சாப்பிடக்கூடிய சாயமா என்று கடைக்காரரை இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்கினாள். ஆனை நுழைந்த வாசலில் வால் மாட்டிய கதையாக, அட்டையில் கோட்டை விட்டிருந்தாள்.

அதில் ஒரு முட்டை வரும்போதே உடைந்திருந்தது. வழிந்த வெள்ளை பக்கத்துக் குழிகளில் பளபளத்தது. அதைப் பார்த்தாள், பார்த்தும் அடுக்கினாள்.

“ஏய், கொஞ்சம் உப்பு கொண்டா. உரிச்சுட்டேன்,” என்று பக்கத்து அறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

அக்காவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு, லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள், இன்றைக்குத்தான் தானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

தங்கை உப்பு எடுக்காமல் போனாள். கட்டிலில் அம்மாவை ஒட்டிக்கொண்டு மகள்; அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்து கொடுத்தவள் அவள்தான். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அவள் வரைந்த மீசை ஓட்டோடு நொறுங்கித் தட்டில் கிடந்தது. முட்டை அக்காவின் வாயருகே இருந்தது.

“அக்கா, வேணாம். குடு.”

“ஏண்டி, வேகலையா?”

“வெந்துருச்சு. பச்சை முட்டை அட்டையில வச்சுட்டேன். அதுல ஒண்ணு ஒழுகியிருந்துச்சு.”

“ஓட்டுலதானே பட்டிருக்கும்? அதைத்தான் உரிச்சுட்டேனே.”

“அதே கையாலதானே உரிச்ச.”

அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். “க்ளாஸுக்குப் போய் நல்லா பயப்படக் கத்துக்கிட்ட. ஒண்ணு தின்னா செத்தா போயிடுவேன்?”

அழுகை வரும் என்று தங்கை காத்திருந்தாள், வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றியதுபோல் நின்றாள். ஒன்றும் ஆகாமலும் போகலாம். தான்தான் கடுகை மலையாக்குகிறாளோ என்னவோ.

“தெரியலக்கா. தெரியாததாலதான் கேக்கறேன். குடு.”

அக்கா அதை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“சித்தி, அது எங்க அப்பா மீசை முட்டை!” என்று வாலு கத்தினாள்.

“விடுடி. உங்கப்பாவோட நிஜ மீசையே அவ்வளவு லட்சணமா இல்ல,” என்றாள் அக்கா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “இப்ப பசியில்ல. கஞ்சியும் வேணாம்.”

தங்கை இருவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். தட்டு, மேசை, துடைத்த துணி எல்லாம் கழுவி, முட்டைகளை அட்டையோடு குப்பையில் போட்டாள். எதுவும் உறைக்கவில்லை; கைதான் வேலை செய்தது. திரும்பி வந்து ‘சின்ன’ என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்.

நாளை: விரிசல் இல்லாத முட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். வெந்ததைக் கழுவிய தட்டில்தான் அடுக்க வேண்டும். சாயம் காய்ந்ததும் ஃப்ரிட்ஜில். அக்கா கேட்டால் உடனே கொடுக்க, சாயம் போடாமல் ஒன்று தனியாக.