புகைக்கு அடித்த பலகை

விடியுமுன்பே அதியன்னூர் சந்தியில் எண்ணெய் கொதித்துவிடும். விலாசினி நேந்திரங்காயை நேராகச் சட்டிக்குள் சீவுவாள். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றினால் எண்ணெய் சீறும். சீறல் அடங்கினால் காயில் ஈரம் வற்றிவிட்டது, உப்பேரி வறுவலை அள்ளலாம். தெறித்த எண்ணெய் அவள் முன்கையெல்லாம் தழும்பாகியிருந்தது.

கடையை வாடகைக்கு எடுத்திருந்தவள் தையல்காரி பிரேமகுமாரி. கணவனை இழந்து நின்ற விலாசினிக்குப் பின்பக்கத்தை வாடகை வாங்காமல் விட்டிருந்தாள். ரவிக்கையில் உப்பேரிப் புகை மணக்கிறது என்று கலியாண வீட்டார் முகம் சுளிக்கவே, இருவரும் நடுவில் பலகை அடிக்க வைத்தார்கள். பலகைக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு.

வாடகைச் சட்டம் கடைக்காரரை லேசில் வெளியேற்ற விடாது. ஆனால் உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சேர்ந்து உழைப்பது உள்வாடகை ஆகாது. ஓர் இடத்தைத் தனியாகப் பூட்டி ஆள்வது அப்படித் தோன்றும்.

வரிசைக் கடைகளை இடித்து மாடி கட்ட நினைத்த உரிமையாளர் காந்திமதிநாதன் பலகையைப் போட்டோ எடுத்தார்.

"சாவி ஆருக்க கையில உண்டு?"

"அவளுக்க கையில, சாரே. வெளுக்கதுக்கு மின்ன நானா வந்து திறப்பேன்?" என்றாள் பிரேமகுமாரி.

"போதும். நீயே சொல்லிட்டே."

"பலகையை இப்பமே இளக்கிப் போடுதோம்."

"இளக்கு. போட்டோவுல இளகாது."

நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் விலாசினியை வெளியேற்றினால் பிரேமகுமாரி தப்பலாம்.

"நான் போறேன் அக்கா. உனக்க கடையாவது நிக்கட்டு."

"போய் எங்க அடுப்பு வைப்பே?"

பிரேமகுமாரிக்கும் வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேரும் பலகையின் இருபுறமும் நின்று அழுதார்கள். மாதம் கழிந்தது. விலாசினி போகவில்லை. வழக்கு வந்தது.

பக்கத்துக் கடையில் போன் பழுதுபார்க்கும் ஷிஜுவிடம் காந்திமதிநாதன், "சாட்சி சொல்லு, உன்னைத் தொடமாட்டேன்" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு, அன்று சாயங்காலம் தையல்கடைக்கு வந்து வரிசைக் கடைக்காரர் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னான்.

"எனக்க கடையில லாட்டரிக்காரன் இருக்கான்," என்றார் டீக்கடை பொன்னப்பன். "நாளைக்கி அவனையும் போட்டோ எடுப்பாரு. எலே ஷிஜு, நீ கண்ணாடித் தடுப்புக்குப் பொறத்த இருக்கே. உனக்கு நீயே உள்வாடகைக்காரன் ஆக்கும்."

ஷிஜு சிரிக்கவில்லை. "புகைக்கு அடிச்ச பலகைண்ணு கோர்ட்டுல சொல்லுவேன். ஆணி அடிச்சது நான்தானே."

ஜெயிப்போம் என்று வக்கீல் சொல்லவில்லை. விசாரணை நாளில் வரிசை முழுக்க ஷட்டர் இறங்கியது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "எல்லாருமா எங்க, கலியாணத்துக்கா?"

"நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு," என்றாள் பிரேமகுமாரி. "கேஸ் எனக்கு. இவங்க எனக்க கூட வாறாங்க."