மூக்கன் நின்ற சாலை

1

அந்தப் பழைய குறும்படத்தின் முடிவைப் பார்த்து நானும் அழுதவன்தான். வேனைத் துரத்தி ஒரு நாய் ஓடிவருகிறது. களைத்து நிற்கிறது. நம்மைப் பார்க்கிறது. சிறுத்துப் புள்ளியாகிறது. படம் முடிகிறது.

அது நம்மைப் பார்க்கவில்லை என்று நாயை வளர்த்தவர் சொன்னார். இந்தக் கதை அங்கே தொடங்கியது.

2

மூக்கன் நன்றியுள்ள ஒரு

(அடித்துவிட்டேன். நன்றியை நாயின் தலையில் கட்டுவது நமக்கு வசதி.)

வளர்த்தவர் வேனுக்குள், கேமராவை ஒட்டிக் குந்தியிருந்தார். அவர் உள்ளே இருந்தால்தான் மூக்கன் துரத்தும்.

"அதுவா நிக்கிற வரைக்கும் வண்டி நிக்கக்கூடாது," என்றார் இயக்குநர். "நின்னப்புறமும் கொஞ்ச தூரம் போகணும்."

"அப்புறம் அதை யாரு சார் ஏத்துறது?"

"பின்னாடி லைட்டு வண்டி வருதுல்ல? உங்க மாப்பிள்ளைய பத்திரமா கூட்டிட்டு வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வளர்த்தவரும்தான்.

லைட்டு வண்டிக்காரர்கள் தொழில் தெரிந்தவர்கள். காட்சிக்குள் தலை தெரிந்துவிடக் கூடாதென்று வேறு பாதையில் வந்து சேர்ந்தார்கள். மூக்கனைத் தேடி வேன் திரும்பிப் போனபோது சாலை காலியாக இருந்தது.

3

(இயக்குநரைக் கல்நெஞ்சக்காரராக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவரும் இருட்டும்வரை தொண்டை கிழியக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார்.)

எழுதிவைத்த முடிவு வேறு. வேன் நிற்கும், நாய் ஏறிக்கொள்ளும். மறுநாள் எடுப்பதாக இருந்தது. ஏற நாய் இல்லை. எடுத்திருந்ததைப் போட்டுப் பார்த்த இயக்குநர், "இதுவே போதும்," என்றாராம்.

போதுமானதாகத்தான் இருந்தது. பரிசுகள் வந்தன.

4

"நீங்களாவது வண்டிய நிறுத்துங்க," என்று வளர்த்தவர் கேட்டிருந்தார். கதையில் நிறுத்தினேன். எழுதியதை அவருக்கே வாசித்தேன்: மூக்கன் தாவி ஏறி அவர் முகத்தை நக்கி

"இருங்க. வண்டிய நிறுத்தத்தான சொன்னேன்? நான் இறங்கிக் கூப்பிட்டேன்னு எழுதுங்க. அது வந்துச்சுன்னு எழுத நீங்க யாரு?"

"வராதா?"

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. காட்சி கெட்டுடும்னு நான் வாயத் திறக்கல. இப்போ கூப்பிட்டா வரணுமா வேணாமாங்கிறத அது முடிவு பண்ணட்டும்."

5

வேன் நிற்கிறது. அவர் இறங்கி, நடுச்சாலையில் மண்டியிட்டுக் கூப்பிடுகிறார். மூக்கன்

(எனக்கு இதற்கு மேல் உரிமை இல்லை. படம் பார்த்து அழுதவர்கள் யாராவது வந்து இந்த வாக்கியத்தை முடியுங்கள். அதுவரை அவர் எழுந்திருக்க மாட்டார்.)