டென்மார்க்குக்குப் போன துரைக்கண்ணு

கொல்லையில் கோழி கொக்கரித்தது. பாயில் கிடந்த துரைக்கண்ணு தலையைத் தூக்கினான்.

"முட்ட இட்டுச்சா, மே?"

"இல்லய்யா. சும்மா கத்திக்கினு இருக்குது," என்றாள் பொன்னியம்மாள், சூடு ஆறாத முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டே.

கட்டின புருஷனிடம் போயும் போயும் ஒரு முட்டைக்குப் பொய் சொல்வது கேவலம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அவனுக்குத் தினம் ஒரு முட்டை கொடு என்று காசநோய் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா மங்கையர்க்கரசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் வீட்டில் முட்டையிடும் கோழி ஒன்றே ஒன்று. அந்த முட்டைக்கு வாய் இரண்டு. ஒன்று துரைக்கண்ணுவின் வாய். மற்றது, அவன் சளியிலிருந்து எடுத்து, பெரிய காஞ்சிபுரத்திலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயில் வளர்த்துவந்த கிருமியின் வாய்.

காசக் கிருமிக்கு முட்டைதான் தீனி. முட்டையை உடைத்துக் கலக்கி, உப்பும் துளி பச்சைச் சாயமும் சேர்த்து, குழாயைச் சாய்த்து வைத்துக் கெட்டியாக்கி, அதன்மேல் கிருமியைத் தடவுவார்கள். துரைக்கண்ணுவுடையது ஊசிக்கும் மாத்திரைக்கும் மசியாத முரட்டுக் கிருமி. அப்பேர்ப்பட்ட கிருமிகளையெல்லாம் டென்மார்க்கில் ஒரு காப்பகத்தில் சேர்த்துவைக்கிறார்கள். ஜப்பான்காரன் அனுப்புவான், நம்மவர்கள் அனுப்புவார்கள், டென்மார்க்குக்காரர்களும் பதிலுக்குத் தங்களுடையதை அனுப்புவார்கள், சம்பந்தி வீடுகளுக்குள் சீர் போய்வருகிற மாதிரி. அறுபத்தொன்பதில் காஞ்சிபுரத்துக்கு இப்படியும் ஒரு சம்பந்தம் வாய்த்தது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? இதில் நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பொன்னியம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஆள் தேவசகாயம்.

அவன் அங்கே குழாய் கழுவுகிறவன். முட்டை வாங்கிவருவதும் அவன் வேலை.

"உன் வூட்டுக்காரரு பூச்சி நோஞ்சானா இருக்குதும்மா. கப்பல் ஏறுறதுக்குள்ள செத்துப்பூடும். நாட்டு முட்டையா குடுத்துத் தேத்துனா உசுரோட போய்ச் சேரும். அங்க பாத்து, அதுக்குன்னே மருந்து செஞ்சு அனுப்புவாங்கோ."

இதனால் அவனுக்கு முட்டைக்காகச் சந்தைவரை நடக்கிற அலுப்பு மிச்சம். அவன் கண்ட லாபம் அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சை நம்பி, முசரவாக்கத்து வீட்டிலிருந்து காஞ்சிபுரம்வரை அவள் தினம் முட்டையோடு வெயிலில் நடந்தாள். இன்றைக்கு இவனுக்குக் கொடுத்தால் இன்று ஒரு நாள் தெம்பு. அங்கே கொடுத்தால் மருந்து வரும், ஆள் எழுந்து மறுபடி வண்டி பூட்டுவான். அவள் கணக்கில் பிசகில்லை. பிசகெல்லாம் தேவசகாயத்தின் வாயில் இருந்தது.

கார்த்திகை மழையில் துரைக்கண்ணு ரத்தமாகத் துப்பினான். அன்றைக்கும் கோழி கொக்கரித்தது.

"இட்ட கோழி எப்பிடிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா, மே?" என்றான். "நோவுதான் மாருல. காது நல்லாத்தான் இருக்குது. எவனுக்குக் குடுக்குறே?"



"ஐயோ, உனக்குத்தான்யா! உனக்குத்தான் போவுது!"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் அவள் முகத்தை மறுபடி பார்க்கவேயில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் பொன்னியம்மாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பழக்கதோஷம், முந்தானையில் முட்டை இருந்தது. டாக்டரம்மா கெட்டவளில்லை. வருத்தம் சொன்னாள், உட்காரச் சொன்னாள். ஆறுதலாக இருக்குமென்று நினைத்தாளோ என்னவோ, பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காட்டினாள்.

"இது அவரோடதுதாம்மா. டென்மார்க்குக்கு அனுப்புன இன்னொரு குழாயும் நல்லபடியா சேந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அங்க ரொம்ப வருஷம் பத்திரமா வெச்சிருப்பாங்க."

பச்சைச் சரிவு முழுக்க, உதிர்த்த புட்டு மாதிரி, மங்கிய மஞ்சளாய்த் திரண்டு கிடந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட வளர்த்தி.

"மருந்து எப்பம்மா வரும்?"

"மருந்தா? யாரு சொன்னா? இது சேத்து வெக்கறதுக்கும்மா. படிக்கறவங்களுக்கு."

தொட்டியடியில் குழாய் கழுவிக்கொண்டிருந்த தேவசகாயம் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டான்.

பொன்னியம்மாள் அழவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நானு குடுத்த முட்டையத்தானே துன்னுச்சு?"

"முட்டைதாம்மா சாப்புட்டுச்சு. நீ குடுத்ததா அது?."

"ஒரே ஒரு தபா குடும்மா. அவுர பொதச்ச எடத்துல காட்டிட்டுக் கொண்டாந்துர்றேன். எவனுக்குக் குடுத்தேன்னு தெரியாமலே பூட்டாரு."

டாக்டரம்மா குழாயைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஐயையோ, ஒடஞ்சா ஆபத்தும்மா," என்றாள். குழாய் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியைப் பூட்டிவிட்டு, அவள் உள்ளறைக்குப் போனாள்.

பொன்னியம்மாள் அங்கேயே நின்றாள். தொட்டியடியிலிருந்து வந்த தேவசகாயம் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், தினமும் முட்டைக்கு நீட்டுகிற மாதிரியே கையை நீட்டினான்.