உதடு ஒட்டாத சொல்

படம் ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மயிலாத்தாள் அக்கா என் விலாவில் இடித்து, "நிர்மலா, நீடில் லைன் பாரு" என்றாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மேசையிலிருந்து இழுத்து வந்து திரையாகக் கட்டியிருந்த வெள்ளை பனியன் துணியில், மேலிருந்து கீழ்வரை மயிரிழையாக ஒரு கோடு. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி வளைந்திருந்தால் துணியில் அப்படி விழும். ஏதோ வெள்ளைக்கார ஊரில், நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு தொப்பிக் கம்பெனியின் கேட் திறக்கிறது, ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே போகிறார்கள், எங்களுக்கு மட்டும் டேமேஜ்தான் முதலில் கண்ணில் படுகிறது. பதினோரு வருடம் செக்கிங்கில் நின்றால் கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ரவிக்கைத் தையலைப் பார்க்கிற புத்தி வந்துவிடும். எனக்கு அது வந்து பத்து வருடம் ஆகிறது.

மாதம் ஒருமுறை தொழிலாளர் கூட்டம் நடத்தி போட்டோ அனுப்ப வேண்டும் என்பது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் போட்ட சட்டம். வழக்கமாக யாராவது வந்து தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக் காட்டுவார்கள், நாங்கள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்போம். இந்த மாதம் எச்.ஆர். பெண் கீதாஞ்சலிக்கு வேறொரு யோசனை. வேலம்பாளையத்தில் இருக்கிற எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது, மீதிப் பேருக்கு இந்தி வராது. பேச்சே இல்லாத பழைய சிரிப்புப் படம் போட்டால் சண்டை வராது என்று கணக்குப் போட்டிருந்தாள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, ஜன்னலுக்கெல்லாம் அட்டை வைத்து, டி-சர்ட் பண்டல்களின் மேல் எங்களை உட்காரவைத்துவிட்டாள். பாவம், படித்த பெண். எழுபது தையல் மெஷின் ஓடுகிற ஹாலில் வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சில்லாத படம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மெஷின் சத்தத்தில் காது உதவாது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். எட்டாவது மெஷின்காரன் டீ வந்துவிட்டதா என்று கேட்பது இருபதாவது மெஷினில் தெரியும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார் மேல் கோபம், எல்லாம் உதட்டிலேயே போய்வரும். தொப்பிக் கம்பெனி மேஸ்திரி வாயைத் திறந்ததும் எங்கள் கூட்டமும் வாயைத் திறந்துவிட்டது.

"'சீக்கிரம் போ'ங்கறான்" என்றாள் மயிலாத்தாள் அக்கா.

"நை நை, 'சுப் ரஹோ' போல்தா" என்றான் பீகார் ரூபேஷ். இந்தியில் 'வாயை மூடு' என்கிறானாம்.

"ரெண்டுமில்ல, ஊசியத் தேடுறான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கீதாஞ்சலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. முன் வரிசையில் காசிமாயன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், எங்கள் லைனில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். அவர் மடியில் ஒரு கட்டைப்பை. அதற்குள் அவருடைய சொந்தக் கத்திரியும், மெஷினில் மாட்டியிருந்த சாமி படமும், உட்காரப் போட்டிருந்த மெத்தையும் இருந்தன. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று காலையில்தான் சூப்பர்வைசர் சிவராஜ் அவரிடம் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமை ஓடிக்கொண்டிருந்த லைனை யாரோ மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்திவிட்டார்கள். எழுபது மெஷினும் தையலுக்கு நடுவில் நின்றன, ஏழு பீஸ் டேமேஜ் ஆனது. மெயினுக்குப் பக்கத்து மெஷின் காசிமாயனுடையது. அன்று காலைதான் வேகம் போதவில்லை என்று சிவராஜுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. கேமரா வாசலைப் பார்த்து இருக்கிறதே தவிர மெயினைப் பார்த்து இல்லை. வேறென்ன வேண்டும், முடிவு கட்டிவிட்டார்கள்.

நிறுத்தியது நான்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வினிதா என்று ஒரு பெண், ஓவர்லாக்கில் இருக்கிறாள். தைக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டே இருப்பாள். சத்தத்தில் யார் காதிலும் விழாது என்ற தைரியம். நான் செக்கிங் மேசையிலிருந்து அவள் உதட்டைப் படிப்பேன். சினிமாப் பாட்டு இல்லை, அவளே கட்டியது. 'ஓடி வாராரு சிவராசு, ஒடஞ்ச ஊசிக்கு ஏது மவுசு' என்று போகும். சொல் முழுக்க எனக்குத் தெரியும். ராகம் தெரியாது. உதட்டில் ராகம் தெரியாதே. பதினைந்து நாளாக அதுவே மண்டையைக் குடைந்தது. செவ்வாய்க்கிழமை பண்டல் எடுக்க மெயின் பக்கமாகப் போனேன். காசிமாயன் அண்ணன் குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தார், யாரும் பார்க்கவில்லை. கை தானாக மெயினுக்குப் போய்விட்டது, மெஷினெல்லாம் நின்றது. கேட்டேன். பாட்டில் ஒரே ஒரு அடி. தாலாட்டு ராகத்தில் சிவராஜைத் திட்டுகிறாள்! தன் குரல் மட்டும் ஹாலில் தனியாக நிற்பதைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், சிவராஜின் முகம் கறுத்தது. நான் பண்டலைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டேன். அந்த ஏழு பீஸையும் டேமேஜ் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியதும் நான்தான்.

சொல்லியிருக்கலாம். கண் தெரியாத மாமியாருக்கு மதியம் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுவிட்டு வர என்னை விடுகிற கம்பெனி இந்த ஊரிலேயே இது ஒன்றுதான். அதனால் நான்கு நாளாக வாயைத் திறக்கவில்லை. மாமியார் பெயரைச் சொல்லி என் பயத்தை நானே பொத்திவைத்துக்கொண்டேன்.

திரையில் ஒல்லியான ஒரு ஆள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். தொப்பிக் கம்பெனியில் தலையில் தொப்பியில்லாத ஒரே ஆள் அவன்தான். பெல்ட்டில் தொப்பி வரும், அவன் ரிப்பன் சுற்ற வேண்டும். முதலில் மெதுவாக வந்தது, பிறகு படபடவென்று வந்தது. அவனால் முடியவில்லை. மிச்சமான தொப்பிகளைத் தன் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், பக்கத்து ஆள் தலையில் வைத்தான். இங்கே சிரிப்பார்கள் என்று கீதாஞ்சலி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"பீஸ் எடுத்துக் குடுக்கக் கைமடி ஆளு வெக்காம இவ்ளோ உட்டா எவந்தான் ஓட்டுவான்?" என்று மயிலாத்தாள் அக்கா கோபமாகவே கேட்டாள். "அந்தாளு மேல தப்பே இல்லீங்க."

மேஸ்திரியின் சொந்தத் தொப்பி தவறிப் பெல்ட்டில் விழுந்து, ரிப்பன் சுற்றி, பெட்டிக்குள் போய், லாரியில் ஏறியதும் ஹால் அதிர்ந்தது. பண்டல்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். எல்லோரும் சிவராஜின் தலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவனும் சிரித்தான். அவனுக்கும் மேலே ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் இருக்கிறார் இல்லையா.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. திரையின் ஓரத்தில், ஒல்லி ஆளுக்குப் பின்னால், ஒரு பெண். நடுவயதுக்காரி, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். சட்டென்று எழுந்து, சுவரிலிருந்த இரும்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். பெல்ட் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், உதடு இரண்டு முறை அசைந்தது. அவ்வளவுதான். மேஸ்திரி ஓடிவந்தான், ஒல்லி ஆளின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். அவன் தெருவில் உருண்டான், கதை அவன் பின்னாலேயே போய்விட்டது.

காசிமாயன் அண்ணன் யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "நம்ம கம்பெனிப் படந்தான் போலருக்கு. எவனோ நிப்பாட்டுனதுக்கு எவனையோ வெளிய தள்ளுறாய்ங்க."

நான் அவர் மடியிலிருந்த கட்டைப்பையைப் பார்த்தேன்.

படம் முடிந்து அட்டைகளை எடுக்கப் போனபோது பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஆறுச்சாமி முதலாளிக்கு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் தோட்டம், இங்கே கம்பெனி. ஆனால் இருபது வயதில் யாரோ ஒருவர் கம்பெனியில் சிங்கர் மெஷின் மிதித்தவர்தான்.

"கீதாஞ்சலி, அந்த நிறுத்தற எடத்தை மறுக்காப் போடு கண்ணு. அந்தப் பொம்பள என்னமோ சொல்லுச்சு."

போட்டாள். 'போதும்' என்கிறாள் என்றாள் மயிலாத்தாள் அக்கா. 'பஸ்' என்றான் ரூபேஷ், இந்தியில் அதற்கும் போதும் என்றுதான் அர்த்தமாம். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா மெஷின நிறுத்துவாங்களா?" என்று யாரோ கேட்கச் சிரிப்பு எழுந்தது. காசிமாயன் அண்ணன் 'அம்மா' என்றார். மூன்றாவது முறையும் போடச் சொல்லிவிட்டு முதலாளி திரைக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சொல்லறது கெடக்கட்டும். அது ஏன் நிறுத்துச்சு? படத்துல அதைச் சொல்லவே இல்லீங்களா?"

"இல்லீங்க சார். கதைக்கு அவ தேவையில்லீங்களே" என்றாள் கீதாஞ்சலி.

"நிறுத்துன ஆளு கதைக்குத் தேவையில்லியா?" என்று அவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டுங்க" என்றேன். குரல் என்னுடையதுதான், நானே எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஒல்லி ஆளை வெளியே தள்ளும்போது அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

ஓடியது. மேஸ்திரி சட்டையைப் பிடிக்கிறான். எல்லோரும் அந்த இருவரையும் பார்த்தார்கள், நான் ஓரத்தைப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவன் வாசலைத் தாண்டும் நேரத்தில் திரும்புகிறாள், வாயைத் திறக்கிறாள். சரியாக அவள் முகத்தின் மேல் அந்த நீடில் லைன். மின்விசிறிக் காற்றில் துணி ஒரு அசைவு அசைந்தது, படம் தெருவுக்குப் போய்விட்டது. சொன்னாளா, விழுங்கிவிட்டாளா? நூறு வருடமாக எத்தனை ஊரில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஒருவருக்காவது இவளைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்குமா?

பெல் அடித்தது. அட்டைகள் விலகி வெயில் உள்ளே வந்தது. சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய சரக்கு கிடந்தது. சிவராஜ் மெயினைப் போட்டான், எழுபது மெஷினும் ஒன்றாக இரைந்தன. காசிமாயன் அண்ணன் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கடைசிப் பண்டலை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். கோபத்தில் கோணலாகத் தைத்துவிட்டுப் போகலாம், யார் கேட்பார்கள். அவர் தைத்த முதல் பீஸ் என் மேசைக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. அதைத் தேறிய பீஸ்களோடு வைத்தேன்.

முதலாளி ஆபீஸ் படிக்கட்டில் கால் வைத்தவர், எதற்கோ திரும்பி ஹாலைப் பார்த்தார். என் கண் அவர் கண்ணில் மாட்டியது. இப்போது விட்டால் இனிமேல் வாழ்நாளில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"நாந்தான்" என்றேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். மறுபடி, இன்னும் அகலமாக வாயைத் திறந்து, "நாந்தான்" என்றேன். சிங்கர் மிதித்த ஆள், உதட்டைப் படித்துவிடுவார் என்று நம்பினேன். அவர் சிரித்து, வயிற்றைத் தடவி, "ஆச்சு, ஆச்சு" என்று உதட்டை அசைத்தார். சாப்பாட்டைத்தான் 'ஆச்சா' என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போதும் என்றால் உதடு ஒட்டும், அம்மா என்றால் ஒட்டும், பஸ் என்றால்கூட ஒட்டும். நாந்தான் என்பதற்கு உதடு எங்கேயும் ஒட்டாது. எவ்வளவு சொன்னாலும் சும்மா வாயைத் திறந்து மூடியது போலத்தான் இருக்கும். எழுபது மெஷின் சத்தத்தில் அந்தச் சொல்லைக் காதால்தான் கேட்க முடியும்.

அவர் இரண்டாவது படி ஏறினார்.

கத்திரியை மேசையில் வைத்தேன். மெயின் வரைக்கும் பதினாறு எட்டு. காசிமாயன் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் கை போன இடத்தைப் பார்த்தார், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். வரிசைக்கு அந்தப்பக்கம் சிவராஜ் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. இம்முறை எல்லோரும் பார்க்கத்தான் மெயினை இழுத்தேன்.

சத்தம் விழுந்த இடத்தில் வினிதாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தாலாட்டுப் போல, மெதுவாக. அவள் நிமிர்ந்து என்னையும் மெயின்மேல் இருந்த என் கையையும் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த அடியைப் பாடினாள்.

"நாந்தானுங்க. செவ்வாய்க்கிழமையும் நாந்தானுங்க" என்றேன் பாட்டுக்கு நடுவில்.

"ஏய்" என்று சிவராஜ் கத்த வாயெடுத்தான். படியில் நின்றிருந்த முதலாளி அவன் பக்கம் திரும்பாமலேயே உள்ளங்கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். இன்னொரு கை கைப்பிடிச் சுவரில் இருந்தது. திரையில் அந்தப் பெண் சாய்த்தது போலவே, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.