அஞ்சுக்கு மூணு

முப்பத்தாறு வருசம் கணக்கு டீச்சரா இருந்தேன். எங்கையால நூத்துக்கு நூறு வாங்குன பிள்ளை ஒண்ணுகூட கிடையாது. விடை சரியா இருந்தாலும் கையெழுத்துக்கு ரெண்டு, அடிச்சு எழுதுனதுக்கு ஒண்ணுன்னு குறைச்சிருவேன். முழு மார்க்கு போட்டா தலைக்கனம் வந்துரும்னு எனக்கொரு எண்ணம். ஜெயபாய் டீச்சர்ட்ட அறுபது வாங்குனா கெட்டிக்காரன்னு சங்கரன்கோயில்ல பேரு. அதுல எனக்குப் பெருமை வேற. நாசமாப் போன பெருமை.

போன வருசம் இடுப்பு எலும்புல ஆபரேசன் ஆச்சு. அடுப்படியில நிக்க முடியல. சென்னையில இருக்க மக ஜாய்லின் வந்து, சாப்பாடு வரவழைக்க போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்துட்டுப் போனா. மறுநாள்ல இருந்து மதியச் சாப்பாடு கொண்டாந்தது மாரிராஜ். பனவடலிசத்திரத்துக்காரன், முப்பது வயசு இருக்கும். எங்க வீடு ரெண்டாவது மாடி, லிப்டு கிடையாது. மத்தவனுக கீழ நின்னு போன் போடுவானுக. இவன் ஏறி வந்து, பொட்டலத்தைப் பிரிச்சுத் தட்டுல வச்சு, செம்புல தண்ணியும் மோந்து வச்சுட்டுத்தான் போவான்.

அவன் போனதும் போன்ல ஸ்டார் கேக்கும். அஞ்சுக்கு மூணு போடுவேன். மூணுன்னா அறுபது சதவீதம், பஸ்ட் கிளாஸ்லா? தெனமும் மனசாரத்தான் போட்டேன்.

ஒருநாள் வாசல்ல தயங்கி நின்னான். "டீச்சர், அந்த ஸ்டார் மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்"ன்னான். எனக்கு வந்துச்சே கோவம்! "ஏலே, மார்க்கை வேலை செஞ்சு வாங்கணும். கேட்டு வாங்கப்பிடாது. வெக்கமா இல்ல?"ன்னு சத்தம் போட்டேன். "சரி டீச்சர்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே படி இறங்கிட்டான். அன்னைக்கு ரெண்டு போடத்தான் கை போச்சு. பாவம்னு மூணே போட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மதியம் கீழ இருந்து போன். "வந்து வாங்கிக்கோங்கம்மா." கம்பை ஊனி இறங்கிப் போனா, ஃபாரூக்னு கடையநல்லூர்க்காரன் ஒருத்தன் நிக்கான்.

"மாரிராஜை எங்கப்பா?"

"அவருக்கு ஐடி பிளாக் ஆயிட்டும்மா. ரேட்டிங் கொறைஞ்சுட்டு. நம்ம ஊர்ல ஸ்டார் போடுத ஆளே கம்மி. அதுல யாரோ ஒரு கஸ்டமர் தெனமும் மூணு போட்டிருக்காங்க."

"மூணு பாஸ் மார்க்குதானப்பா?"

சிரிச்சுட்டான். "அஞ்சு போட்டாத்தான் பாஸ்ம்மா. அதுக்குக் கீழ எல்லாமே பெயிலு."

ஏசப்பா! சோத்துப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு அந்தப் படியிலயே உக்காந்துட்டேன்.

மாத்திப் போடலாம்னு பாத்தா, பழைய ஸ்டாரைத் தொடவே விடல. உதவிக்குன்னு இருந்த இடத்துல "தப்பு என் மேல, அவன் மேல இல்ல"ன்னு எழுதுனேன். "உங்கள் கருத்துக்கு நன்றி. இந்த உரையாடலுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?"னு மிசின் கேக்கு. போனை வீசி எறியப் பாத்தேன்.

வக்கீல் ஜெபசுந்தர் எங்கிட்டப் படிச்சவன். அவனைக் கூப்பிட்டேன். "டீச்சர், அவரை வேலையாளுன்னு வச்சிருக்க மாட்டாங்க. பார்ட்னர்னுல்லா எழுதி வாங்கியிருப்பாங்க. வேலையாளுன்னாத்தான் ஏன் நிறுத்துனன்னு சுளுவாக் கேக்கலாம். சட்டம் இப்பத்தான் இவங்க பக்கம் திரும்பிப் பாக்கு"ன்னான். பார்ட்னரை ஒரு வார்த்தை கேக்காம வெளிய தள்ளுதது எந்த ஊரு நியாயம்லேன்னு அவனைப் பிடிச்சுக் கத்துனேன். அவன் என்ன செய்வான்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆட்டோ பிடிச்சு பனவடலிசத்திரம் போனேன். மாரிராஜ் இல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாச்சு. அவன் பெஞ்சாதி சண்முகப்ரியா கைப்பிள்ளையோட நின்னா. பிள்ளை பொறந்ததும் பக்கத்துல இருக்கணும்னுதான் திருப்பூரை விட்டுட்டு இந்த வேலைக்கு வந்தானாம். பிள்ளை இப்பத்தான் அப்பான்னு சொல்லப் பழகுதாம்.

"அந்த மூணு போட்டது நான்தாம்மா"ன்னேன்.

"தெரியும் டீச்சர். ஒங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனாலே கொறையும்லா, அவுகளுக்கும் தெரியும்." அவ குரல்ல கோவமே இல்ல. என்னால அதைத் தாங்க முடியல. "டீச்சர் ஆர்டரை எடுக்காதியன்னு நான் எத்தனையோ நாள் சொன்னேன். 'அவங்களால மாடி இறங்க முடியாது, நான் போவலன்னா சோறு கீழயே கெடக்கும்'னு கெளம்பிப் போயிருவாக."

கேட்டு வாங்கப்பிடாதுன்னு அவனை நான் ஏசுன ஏச்சு என் காதுலயே வந்து விழுந்துச்சு. அழுதுட்டேன்.

"இப்ப யாரு டீச்சர் ஒங்களுக்கு மேல ஏறிக் கொண்டாரா?"ன்னு கேட்டா.

பிள்ளையை என் மடியில குடுத்துட்டு உள்ள போனா. ஒரு தட்டுல சோறு போட்டுக் குழம்பு ஊத்திக் கொண்டாந்தா. செம்புல தண்ணியும் மோந்து பக்கத்துல வச்சா.

"சாப்பிடுங்க டீச்சர்"ன்னா.