லூர்த்தம்மாவின் சாப்பாட்டுக் கோப்பை

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் குருநகரில் ஷெல் விழத் தொடங்கியதும் லூர்த்தம்மாவும் புருசன் சூசைதாசனும் உடுத்த உடுப்போடும் மடியில் செருகிய மருந்துக் குளிசைகளோடும் இணுவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். கோயில் வீதியில் வெயிலுக்குள் நின்றவர்களைப் பூரணம்தான் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முன்பின் அறியாதவர்கள், கத்தோலிக்கர். பூரணம் புருசனை இழந்தவள், பிள்ளைகள் வெளிநாட்டில். ஆக்கினால் சாப்பிட ஆளில்லாமல் கிடந்த குசினிக்கு அன்று உயிர் வந்தது.

லூர்த்தம்மாவுக்குப் பல வருடமாகச் சலரோகம், சர்க்கரை வியாதி. குருநகரில் அதைச் சமாளிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. காலையில் குரக்கன் புட்டு. மத்தியானம் ஒரு சிறங்கை சோறு, மிச்சமெல்லாம் மீனும் முருங்கையிலையும். காலையும் பின்னேரமும் ஒவ்வொரு குளிசை. தன் கோப்பையில் சோறு கறி எல்லாம் தானே போட்டுச் சாப்பிடுவாள். டொக்டர்கூட அவளை மெச்சியிருக்கிறார்.

இங்கே கோப்பை பூரணத்தின் கையில் இருந்தது. விடிந்ததும் பனங்கட்டியோடு தேத்தண்ணி. பிறகு கோதுமை மாப் புட்டும் வாழைப்பழமும். மத்தியானம் குவித்த சோற்றோடு மரவள்ளிக்கிழங்குக் கறி. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. மீன் கிடைத்தாலும் அந்தச் சைவ வீட்டில் யார் காய்ச்சுவது?

"காணும் பிள்ளை, காணும்" என்று லூர்த்தம்மா கோப்பையைக் கையால் மறைப்பாள்.

"என்னக்கா, குருவி கொத்தின மாதிரி. கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ" என்று பூரணம் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு அகப்பை போடுவாள்.

"சலரோக வருத்தத்தைச் சொன்னால் என்ன?" என்று அறைக்குள் சூசைதாசன் கேட்டார்.

"சோறு போடுறவளிட்டைப் போய், இது வேண்டாம் அது வேண்டாம் எண்டு சொல்லுறதே? வேதக்காரி எங்கடை சாப்பாட்டை அருவருக்கிறாள் எண்டு நினைச்சால்? இதை விட்டால் எங்கை போறது?"

தெரிந்தவர்களின் வீடுகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன.

லூர்த்தம்மா எல்லாவற்றையும் விழுங்கினாள். நாக்கு வறண்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்தது நிற்காமல் சலம் கழிக்க வேலியோரம் ஓடினாள். காலில் முள் கீறிய புண் ஆறவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் கழுத்தில் கயிறு விழுவதுபோல இருந்தது. போடுகிறவளின் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

ஒருநாள் பூரணம் விளக்குமாற்றோடு வேலிப்பக்கம் போனவள் விறுவிறென்று திரும்பி வந்தாள்.

"அக்கா, வேலியடியிலை எறும்பு மொய்ச்சுக் கிடக்கு. என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான் மொய்ச்சது. உங்களுக்குச் சீனி வருத்தமோ?"

லூர்த்தம்மா தலையைக் குனிந்தாள். "ஓம் பிள்ளை."

"இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு நஞ்சையெல்லே போட்டிருக்கிறன்! ஏன் சொல்லேல்லை?" பூரணத்துக்கு அழுகை வந்துவிட்டது.

இனி விடுதலை என்றுதான் லூர்த்தம்மா நினைத்தாள். அடுத்தநாள் காலை கோப்பையே வரவில்லை. ஒரு பேணி நிறையப் பாகற்காய்ச் சாறு வந்தது.

"புட்டு?"

"மாச்சாமான் ஒண்டும் தொடக்கூடாது. அம்மாவை நான் கவனியாமல் விட்டிட்டன். உங்களை விடமாட்டன்."

மத்தியானம் இலைக்கஞ்சித் தண்ணீர். இரவும் அதுவே. வாழைக்குலை சாமியறைக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. வழக்கம்போல லூர்த்தம்மா குளிசையை மட்டும் போட்டாள். பசி வயிற்றைக் கிள்ளியது. முன்பு மறுக்க முடியாமல் இருந்தவளுக்கு இப்போது கேட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நடுங்கியது. உடம்பு வேர்த்துக் கொட்டியது. பூரணம் ஏதோ கேட்டாள். இவளுக்குச் சொல் குழறியது. அப்படியே துவைகல்லில் சரிந்தாள்.

பூரணத்தின் கூக்குரலுக்கு ஓடிவந்த சூசைதாசன் முகத்தைப் பார்த்ததுமே குசினிக்குள் பாய்ந்து பனங்கட்டித் துண்டோடு வந்தார்.

"ஐயோ, இனிப்புக் குடுக்காதேங்கோ! செத்துப்போவா!"

"விடும் பிள்ளை! குளிசையும் போட்டுப் பட்டினியும் கிடந்தால் சீனி இறங்கிப்போம். டொக்டர் சொன்னவர்."

கண் திறந்திருந்தவளின் வாயில் துண்டைக் கடிக்கக் கொடுத்தார். பனங்கட்டி மெல்லக் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அவள் எழுந்து கிணற்றுக்கட்டோடு சாய்ந்தாள். பூரணம் பேயறைந்தவள்போல நின்றாள்.

"நான் கொல்லப் பார்த்திட்டன்."

"இல்லைப் பிள்ளை. நீர் அன்பிலைதான் செய்தது. வாய் திறக்காதது என்ரை பிழை." லூர்த்தம்மா மூச்சு வாங்கினாள். "எனக்கு எல்லாம் சாப்பிடலாம். எவ்வளவு எண்டதுதான் கதை. என்ரை கோப்பையிலை நான் போடவேணும். அதுக்கு மட்டும் விடும்."

பூரணம் உள்ளே போய்ச் சோற்றுப் பானை, கறிச்சட்டி, கோப்பை எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைத்து, அகப்பைக் காம்பை அவள் பக்கம் திருப்பினாள். லூர்த்தம்மா சிறங்கையளவு சோறு போட்டாள். பருப்பும் வல்லாரைச் சம்பலும் நிறையப் போட்டாள். பூரணத்தின் கை இரண்டுதரம் அகப்பைக்கு நீண்டு இரண்டுதரமும் மடிக்குத் திரும்பியது.

குருநகருக்குத் திரும்பிப்போக வழி பிறக்கவில்லை. மருந்துக் கடைகளில் குளிசை முடிந்தது. சூசைதாசன் சைக்கிளில் சுன்னாகம், மானிப்பாய் எல்லாம் அலைந்து வெறுங்கையோடு வந்தார். சாப்பாடு ஒன்றுதான் இனி மருந்து. பூரணம் தோட்டக்காரரிடம் சொல்லிவைத்துக் குரக்கன் வாங்கி இடித்தாள். மரவள்ளிக்குப் பதில் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் காய்ச்சினாள். சில நாள் சோறும் சம்பலும் தவிர வேறொன்றும் அகப்படாது. அன்றைக்கு லூர்த்தம்மா அரைவயிற்றோடு எழும்புவாள். கால் புண் காய்ந்தும் காயாமலும் கிடந்தது.

ஒரு மத்தியானம் ஹெலிகொப்டர் இரைந்துகொண்டு வந்தது. மூன்று பேரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கினார்கள். பூரணம் வரும்போதே பானையையும் அகப்பையையும் கோப்பைகளையும் தூக்கி வந்திருந்தாள்.

"எப்ப வெளியிலை போவமோ தெரியாது. உங்கடை நேரம் தப்பக்கூடாதெல்லே" என்றாள்.

மேலே சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. மண் உதிர்ந்தது. லூர்த்தம்மா ஒரு கையால் மண் விழாமல் கோப்பையை மூடிப் பிடித்தபடி, மறு கையை அகப்பைக்கு நீட்டினாள்.